கையெழுத்து சரியில்லாதவர் இங்க் பேனா வைத்துக்கொள்ளக் கூடாதா?

வாசகர் கேள்வி: கை சிகிச்சை, ஆக்குபேஷனல் தெரபி

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ஒரு தோல் செருப்புக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காகவே அடி வாங்கியவர். ஆறாம் வகுப்பில் அப்பா வாங்கிக் கொடுத்த ஹீரோ பேனாவில் தொடங்கிய ஆசை இன்னும் விடவில்லை. இப்போது பதினோரு பேனாக்கள் வைத்திருக்கிறார். பாதி வீட்டுக்குத் தெரியாமல் ஆபீஸ் மேஜை டிராயரில் இருக்கின்றன. இரவு சாப்பிட்ட பிறகு ஒரு பக்கம் டைரி எழுதுவது அவருக்குப் பிடித்த நேரம். போன மாதம் 4,500 ரூபாய் பில் ஒன்று மனைவி கையில் சிக்கிவிட்டது. "இந்தக் கையெழுத்துக்கு இவ்ளோ காசுல பேனாவா?" என்று கேட்டிருக்கிறார்.

அதே மாதம் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மொய் எழுத உட்கார்ந்திருக்கிறார். சில பேருடைய மொய்யை எழுதுவதற்குள் தாய்மாமன் நோட்டை வாங்கி வேறொரு பையனிடம் கொடுத்து, "பேனா கலெக்டர் பேனா, எழுத்து கோழி கிளறினது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அங்கிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கையெழுத்து சரியில்லாதது அரைகுறைக் கல்வியின் அடையாளம் என்று காந்தியே சொல்லியிருக்கிறார் என்றாராம். அன்றிலிருந்து டைரி எழுத அவர் பேனாவை எடுக்கவில்லை.

அவர் கேட்பவை: பேனாக்களை விற்றுவிடலாமா? இந்த வயதில் கையெழுத்து வகுப்புக்குப் போனால் பலன் உண்டா? பால் பேனாவில் எழுதினால் கட்டைவிரல் அடியில் வலிப்பது ஏன்? ஏழாம் வகுப்பு படிக்கும் மகனுக்கும் இதே எழுத்து, அவனும் இங்க் பேனா கேட்கிறான், வாங்கித் தரலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் முழுவதையும் படித்தேன். எங்கும் அர்த்தம் தவறவில்லை. 'மனம்' என்று எழுதினீர்களா 'மணம்' என்று எழுதினீர்களா என்பதை மட்டும் இரண்டு இடங்களில் முன்பின் வரியை வைத்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. நான்கு பக்கத்தில் இரண்டு சந்தேகம் என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு மோசமான எழுத்து இல்லை. இறுக்கிப் பிடித்து, அவசரமாக எழுதியது என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் இரண்டு பக்கங்கள் பால் பேனாவில், "கை வலிக்குது, பேனாவை மாத்திக்கிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த இரண்டும் இங்க் பேனாவில். தாளைத் திருப்பித் தடவினால் முதல் இரண்டு பக்கங்களின் பின்புறம் எழுத்தெல்லாம் புடைத்து நிற்கிறது. கடைசி இரண்டும் வழவழவென்று இருக்கின்றன. கையெழுத்து ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கை பட்ட பாடு ஒன்றில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது

பால் பேனாவின் நுனியில் இருப்பது ஒரு சின்னக் குண்டு. அது உருண்டால்தான் பிசுபிசுப்பான எண்ணெய் மை தாளில் ஒட்டும். உருள வேண்டுமானால் அழுத்த வேண்டும், பேனாவைக் கொஞ்சம் நிமிர்த்தியும் பிடிக்க வேண்டும். இங்க் பேனாவில் முள்ளின் நடுவில் உள்ள பிளவு வழியாகவும், முள்ளுக்கு அடியில் நாக்கில் உள்ள மெல்லிய வாய்க்கால் வழியாகவும் மை தானே இறங்கி வருகிறது. பள்ளியில் நுண்புழை நுழைவு என்று படித்தோமே, அதுதான். மை இறங்க இறங்க அதே நாக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை வாங்கியது இந்த நாக்கின் அமைப்புக்குத்தான். முள் தாளைத் தொட்டாலே போதும், எழுதும்.

சிறு வயதில் அடி வாங்கி எழுதிப் பழகியவர்கள் பேனாவை விடாமல் இறுக்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கை நழுவினால் எழுத்து கெடும், எழுத்து கெட்டால் அடி விழும். அந்தப் பயம் விரலிலேயே தங்கிவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது யாரையாவது உங்கள் பேனாவை மேல்பக்கமாக மெல்ல உருவச் சொல்லுங்கள். லேசாக வந்துவிட்டால் பிடி சரி. வராவிட்டால், விரல் நுனி வெளுத்திருந்தால், கட்டைவிரல் மூட்டு பின்னால் வளைந்து நின்றால், வலிக்கு வேறு காரணம் தேடுவதற்கு முன் பிடியைத் தளர்த்திப் பாருங்கள்.

இதில் பேனாவின் உடம்புக்கும் பங்கு உண்டு. ஒல்லியான பேனாவை அதிகமாகக் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். விரல் பிடிக்கிற கழுத்து கொஞ்சம் தடிமனாக இருந்தால் கை தளரும். நம் ஊர் வெயிலில் வியர்த்த விரலுக்கு உலோகக் கழுத்து வழுக்கும், வழுக்கினால் கை தானாக இறுகும். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரில் செய்த பேனா அவ்வளவாக வழுக்காது. அப்படிப்பட்ட பேனாக்களை நமக்குப் பக்கத்திலேயே, திருவள்ளூரில், இன்றும் கையால் கடைந்து செய்கிறார்கள். மூடியைப் பின்னால் செருகி எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் செருகாமல் எழுதிப் பாருங்கள். பின்பாரம் குறைந்தால் சிலருக்கு வலியும் குறைகிறது.

சரி, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வந்தால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வரி போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தாலோ, புதிதாக நடுக்கம் வந்தாலோ, மற்ற வேலைக்கெல்லாம் வளைந்து கொடுக்கும் கை பேனாவை எடுத்தவுடன் மட்டும் கோணிக்கொண்டு இழுத்தாலோ நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது சிறு வயதிலிருந்து மாறாத எழுத்து, இவற்றில் எதுவும் உங்களுக்கு இருப்பதாகக் கடிதத்தில் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது 'போன வருஷம் வரை நன்றாகத்தானே எழுதினேன்' என்று தோன்றினால் தள்ளிப்போடாதீர்கள்.

பேனா கையெழுத்தைத் திருத்துமா

இங்கே உங்களிடம் மறுத்துச் சொல்ல ஒன்று உண்டு. "அடுத்த பேனாவுல எழுத்து நிக்கும்னு நம்பித்தான் ஒவ்வொண்ணா வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காது. கையின் சிரமத்தைப் பேனா குறைக்கும், எழுத்தின் வடிவம் பழக்கத்தில் மட்டும்தான் மாறும். அந்த நம்பிக்கையில் பன்னிரண்டாவது பேனா வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்கினால் அது வேறு விஷயம், அதற்கு நீங்கள் யாருக்கும் கையெழுத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. மை ஊறித் தாளில் இறங்குவதைப் பார்ப்பது, முள் ஓடுகிற சத்தம், காய்வதற்கு முன் ஒரு நொடி வருகிற பளபளப்பு, வாரம் ஒரு முறை பேனாவைக் கழுவி வைப்பது என்று உங்கள் கடிதத்தில் நீங்களே அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்து மணிமணியாக இருந்தால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று எங்கே இருக்கிறது?

வகுப்புக்குப் போகலாமா என்றால், 44 வயதில் எழுத்து திருந்தும். அச்சடித்தது போல ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படிப்பவர் தடுமாறாத எழுத்து என்பது எட்டக்கூடிய இலக்கு. அதற்குப் பணம் கட்டிப் போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நாளிதழில் இருந்து ஒரு பத்தியை உங்கள் வழக்கமான வேகத்தில் எழுதி, மனைவியிடம் கொடுத்து, தடுமாறிய எழுத்தை மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். மொத்தக் கையெழுத்தும் மோசம் என்று நினைப்பவர்களுக்குக்கூட, வட்டம் விழுவது பெரும்பாலும் ஐந்தாறு எழுத்துகளில்தான். உங்கள் கடிதத்தில் நான் போட்டால் 'ன'வும் 'ண'வும், 'ர'வும் துணைக்காலும், அப்புறம் இடம் மாறி விழுகிற புள்ளிகளும் வரும். அந்த ஐந்தாறை மட்டும் இரட்டைக்கோடு நோட்டில், தினம் பத்து நிமிஷம், மெதுவாக எழுதுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். எழுத்தின் வடிவத்தைத் தொடாமல் இந்த இடைவெளியை மட்டும் கூட்டினாலே படிப்பது பாதி சுலபமாகிவிடும்.

முள்ளையும் கவனியுங்கள். தமிழ் எழுத்தில் சுழி அதிகம். 'ன'வில் இரண்டு சுழி, 'ண'வில் மூன்று. நீங்கள் சின்னதாக எழுதுகிறவர், கையில் இருப்பதோ பட்டையான முள். மட்டமான தாளில் மை பரவியதும் சுழியெல்லாம் அடைத்துக்கொள்கிறது. உங்கள் மனமும் மணமும் ஒன்றானது இதனால்தான். மெல்லிய முள்ளுக்கு மாறுங்கள், அல்லது பட்டை முள்ளை வைத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாக்குங்கள். தாளின் கனம் 80 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. அழுத்தும் பழக்கம் போகிற வரை விலை கூடிய பேனாவைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள், முள் பிளந்துவிடும்.

பில்லரால் நேராக மை ஊற்றும் பேனா சட்டைப் பையில் கக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். மை கால்வாசிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று அதிகமாகிறது. உடம்புச் சூட்டிலும் வேலூர் வெயிலிலும் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளுகிறது. தீருகிற வரை காத்திருக்காமல் பாதியிலேயே நிரப்பிவிடுங்கள், வண்டிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

காந்தி சொன்னது

அந்த ஆசிரியர் சொன்னது பொய் இல்லை. தன் கையெழுத்து மோசம் என்று காந்தி சத்திய சோதனையில் வருந்தி எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களின் அழகான எழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டதாகவும், பிறகு திருத்த முயன்றபோது காலம் கடந்துவிட்டதாகவும் சொல்கிறார். அரைகுறைக் கல்வி என்ற பேச்சு அங்கேதான் வருகிறது. தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டதை ஒரு சபையில் இன்னொருவர் மேல் எடுத்து வீசுவது நியாயமில்லை.

அப்படிச் சொன்னவர் எழுதுவதை நிறுத்திவிட்டாரா? 1909இல் லண்டனிலிருந்து கப்பலில் திரும்பும்போது 'ஹிந்த் ஸ்வராஜ்' நூலை விடாமல் எழுதி, வலது கை ஓய்ந்ததும் இடது கையால் தொடர்ந்தார். கை சிகிச்சை செய்கிறவர்களுக்கு அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு பொக்கிஷம். ராஜமுந்திரியில் பேனா செய்துவந்த ரத்னம், உள்நாட்டிலேயே செய்த இங்க் பேனாவைக் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா மூலம் அனுப்பியபோது, அதை வேண்டாம் என்று திருப்பவில்லை. எழுதிப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார். மோசமான கையெழுத்துக்காரர் ஒருவர் நல்ல பேனாவை அனுபவித்து, செய்தவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஆசிரியரைப் பார்த்தால் மரியாதையாக இதையும் சொல்லுங்கள்.

நாம் இருக்கிற ஊரும் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. தொழுநோயால் விரல் மடங்கிப் போனவர்களுக்குத் தசைநாணை மாற்றிப் பொருத்தி, திரும்பக் கை வேலை செய்ய வைத்த அறுவை சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் பின்பாதியில் தொடங்கியது வேலூர் சிஎம்சியில்தான். அந்த வழியில் வந்த எங்கள் துறையில், ஒரு கை பிடிக்கிறதா, வலிக்காமல் வேலை செய்கிறதா, அந்த வேலையில் ஆளுக்கு நிறைவு கிடைக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். பார்க்க அழகாக இருக்கிறதா என்பது கடைசியில் வரும், பல சமயம் வராமலே போகும். உங்கள் கை ராத்திரி ஒரு பக்கம் வலியில்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம்.

மொய் நோட்டும் மனைவியின் கேள்வியும்

மாமா பேசிய விதம் தவறு. நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நோட்டை மாற்றிக் கொடுத்ததில் குற்றம் சொல்ல மாட்டேன். மொய் நோட்டு என்பது பத்து இருபது வருஷம் கழித்து, அந்த வீட்டு விசேஷத்துக்குத் திரும்பச் செய்ய எடுத்துப் பார்க்கிற கணக்கு. பேரும் ஊரும் தொகையும் யார் எடுத்தாலும் படிக்க வர வேண்டும். பந்திக்கும் வாசலுக்கும் நடுவில், ஈரக் கையும் சந்தனமும் படுகிற இடத்தில், தண்ணீர் பட்டால் கலைகிற மையில் எழுதுவதே சரியில்லை. கார்பன் வைத்த ரசீதுக்கும் இங்க் பேனா ஆகாது, அழுத்தாமல் படி விழாது. செக்கிலும் பத்திரத்திலும் அழியாத மைதான் இருக்க வேண்டும். இந்த இடங்களில் பால் பேனாவை எடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. அடுத்த விசேஷத்தில் எழுதக் கூப்பிட்டால், "நீ எழுது, நான் பணத்தை எண்ணி வாங்கறேன்" என்று நீங்களே சொல்லிவிடலாம். கணக்குப் பிரிவு ஆள் நீங்கள், அதில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மனைவி விஷயத்தில் உங்கள் மேலும் தவறு இருக்கிறது. அவர் கேட்டது கையெழுத்தைப் பற்றி என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது மறைத்த பணத்தைப் பற்றிய கேள்வியாகப் படுகிறது. தெரியாத செலவு ஒன்று வெளியே வந்தால் வாயில் முதலில் வருவதைத்தான் யாரும் சொல்வார்கள். டிராயரில் இருப்பதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மேஜையில் வைத்து, எது என்ன விலை, எப்போது வாங்கியது என்று மறைக்காமல் சொல்லுங்கள். பையன் படிப்பு, வீட்டுக் கடன் போக வருஷத்துக்கு இவ்வளவு என்று இரண்டு பேரும் பேசி ஒரு தொகை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசாவும் கூடாது என்று அவர் சொன்னால், இந்த வருஷம் இருக்கிற பதினொன்றோடு இருங்கள். அப்பா கொடுத்த ஹீரோ பேனாவை மட்டும் எந்தக் கோபத்திலும் விற்றுவிடாதீர்கள். மற்றவற்றில் கைக்கு ஒத்துவராத ஒல்லிப் பேனாக்களைக் கொடுத்துவிடலாம். அவமானம் ஆறுகிற வரை ஒன்றையும் விற்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

பையனுக்கு வாங்கித் தரலாமா

தரலாம். விலை குறைந்த, கழுத்து தடித்த, மெல்லிய முள் உள்ள ஒன்று போதும். ஆனால் எழுத்து திருந்தும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், உங்களுக்கு வந்த ஏமாற்றம் அவனுக்கும் வரும்.

பேனாவை விட அவசரமான ஒன்று இருக்கிறது. வாயால் கேட்டால் பதில் சொல்கிறான், எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்துகிறான், கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிஸ்கிராஃபியா என்னும் எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு இப்படித் தெரியலாம். கடிதத்தை வைத்து நான் அப்படித்தான் என்று சொல்ல முடியாது, நேரில் சோதிக்க வேண்டும். வேலூரில் சிஎம்சியிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரிடம் முதலில் காட்டி, எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பார்வையையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள்.

அந்தக் குறைபாடு உறுதியானால் அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அதில் டிஸ்கிராஃபியாவும் அடக்கம். உரிய சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு வந்தபிறகு ஓடினால் நாள் போதாது, ஏழிலேயே தொடங்குங்கள். "சான்று வாங்கினால் பையனுக்குப் பேர் கெட்டுவிடுமோ" என்று வீட்டில் தயங்கினால், முப்பது வருஷம் முன்னால் நீங்கள் வாங்கிய அடியை மனைவியிடம் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் உங்களை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அதுவரை, எழுத்து சரியில்லை என்று பத்துத் தடவை எழுதி வா என்கிற இம்போசிஷனை நிறுத்தும்படி வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வலிக்கிற கைக்கு அதனால் வலிதான் கூடும். டாக்டரிடம் போகும்போது இந்த வருஷத் தமிழ் நோட்டு, கணக்கு நோட்டு, மூன்றாம் நான்காம் வகுப்பு நோட்டு ஏதாவது கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். பழைய நோட்டு இருந்தால் எப்போதிலிருந்து இப்படி என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சுலபம்.